வெறுமையாயிருந்த ஓர் ஆசனம்: காங்கேசன்துறை, 1972 – 1975

எமது கிராமங்களிலே ஒரு சங்கம் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கிராம முன்னேற்றச் சங்கமாக இருக்கலாம், மாதர் சங்கமாக இருக்கலாம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமாக இருக்கலாம். அதன் பொருளாளர் திடீரென விலகிவிட்டால் என்ன செய்வோம்? விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்டி வேறொருவரைத் தெரிவு செய்வோம். தலைவர் அந்தக் கூட்டத்தைக் கூட்டாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அங்கத்தவர்கள் சும்மா இருப்பார்களா? "ஏன் இன்னும் கூட்டம் வைக்கவில்லை?" என்ற கேள்வி கோயில் வீதியிலும் சந்தையிலும் எழும். சங்கத்தின் யாப்பில் விலகல், வெற்றிடம், மீள்தெரிவு ஆகியவை பற்றி ஒரு விதியை எழுதிவைப்பது இதற்காகவே.

நாட்டின் சட்டசபைக்கும் இப்படி ஒரு விதி இருந்தது. உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ, விலகினாலோ, நீதிமன்றத் தீர்ப்பினால் பதவி இழந்தாலோ அந்தத் தொகுதியின் வாக்காளர் மாத்திரம் மீண்டும் வாக்களித்து வேறொருவரை அனுப்புவார்கள். அதுவே இடைத்தேர்தல். இலங்கையிலே இடைத்தேர்தலைக் கண்டவர்கள் இன்று நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். இளைய வாசகருக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கக்கூடும். ஆகவே ஓர் இடைத்தேர்தலின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அது நடந்த நாளைவிட, நடக்காமல் இருந்த நாட்களே இக்கதையில் முக்கியமானவை.

1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசாகியது. திருமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் கொண்டுவந்த புதிய அரசியலமைப்பு பௌத்த மதத்துக்கு முதன்மை இடம் அளித்தது. சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்பதை அரசியலமைப்பிலேயே பொறித்தது. பழைய சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாகச் சொல்லப்பட்ட 29ஆம் பிரிவு இல்லாமற் போயிற்று. தமிழர் தரப்பு முன்வைத்த திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. இதற்கு எதிராகத் தமிழ்க் கட்சிகள் அதே மாதத்தில் திருகோணமலையிலே கூடி ஒரு கூட்டணியை அமைத்தன.

அந்தக் கூட்டணியின் மூத்த தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகம். 1947இல் காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினரானவர், 1952இல் தோற்றவர், 1956 முதல் தொடர்ந்து வென்றவர். 1972 ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் தேசிய அரசுப் பேரவையிலே எழுந்து தமது ஆசனத்தைத் துறப்பதாக அறிவித்தார். புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்றுக்கொண்டு விட்டார்கள் என்று அரசாங்கம் கூறுகிறது. அப்படியானால் எனது தொகுதியில் தேர்தலை வையுங்கள், உங்கள் வேட்பாளரை நிறுத்துங்கள், மக்கள் சொல்லட்டும் என்பதே அவருடைய சவாலின் சாரம். ஒரே தொகுதி, ஒரே கேள்வி, அதற்கு ஆம் அல்லது இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை சொல்ல மக்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது 1975 பெப்ரவரி 6ஆம் திகதி. இடையிலே இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழிந்திருந்தன.

காத்திருந்த காலம்

ஏன் இத்தனை தாமதம்? 1971 ஏப்ரல் கிளர்ச்சியை ஒட்டி நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. தேர்தல் நடத்தப் பாதுகாப்பு நிலைமை இடந்தரவில்லை என்று காரணம் கூறப்பட்டது. அது உண்மையான காரணமா என்பதை வாசகர் தாமே தீர்மானிக்கலாம். 1973 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் டட்லி சேனாநாயக்க காலமானார். அவருடைய தெதிகம தொகுதிக்கு அதே ஆண்டிலேயே இடைத்தேர்தல் நடந்து, ருக்மன் சேனாநாயக்க தெரிவாகினார். அவசரகாலம் தெதிகமவிலும் இருந்தது. கேகாலைப் பகுதி 1971 கிளர்ச்சி கடுமையாக நடந்த இடங்களில் ஒன்று என்பதும் மறக்கத்தக்கதல்ல. பிந்தி வெறுமையான ஆசனம் முந்தி நிரம்பியது. முந்தி வெறுமையான ஆசனம் காத்துக் கிடந்தது.

இந்தக் காத்திருப்பைக் கட்சிகளின் பிணக்காக மட்டும் பார்ப்பது போதாது. ஒரு கிராமத்தாருக்குத் தொகுதி உறுப்பினர் என்பவர் யார்? ஒழுங்கைக்குக் கல் போடவும், பாடசாலைக்கு ஆசிரியரைக் கேட்கவும், மகனின் இடமாற்றத்துக்குக் கடிதம் வாங்கவும் போகும் வீட்டுக்காரர். நல்ல முறை இது என்று நாம் சொல்லவில்லை; ஆனால் முறை அதுவாகவே இருந்தது. அந்த ஆண்டுகளில்தான் மாவட்ட அபிவிருத்தி வேலைகளை ஆளும் கட்சியைச் சார்ந்த 'அரசியல் அதிகாரி'யின் கையில் கொடுக்கும் ஒழுங்கும், தொகுதிவாரியாகப் பணம் ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டமும் வந்தன. கேட்பதற்கு ஓர் ஆள் மிகவும் தேவைப்பட்ட காலத்தில் காங்கேசன்துறைக்குச் சபையிலே ஆள் இருக்கவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லத்தான் வேண்டும். காங்கேசன்துறைத் தொகுதி செம்மண் பூமி. மாவிட்டபுரம், தெல்லிப்பழை, கீரிமலை, மயிலிட்டி, பலாலி என்று நீளும் ஊர்களிலே கடலோரத்தில் மீன்பிடி, உள்ளே தோட்டம், துறைமுகத்தருகே 1950இல் உற்பத்தி தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை. 1970களின் முற்பகுதியில் அரசாங்கம் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது அல்லது கட்டுப்படுத்தியது. நாடெங்கும் பாணுக்கும் அரிசிக்கும் மக்கள் வரிசையில் நின்ற அந்த நாட்களில், குடாநாட்டுக் கமக்காரர் கையில் அதுவரை காணாத காசு புழங்கியது. கிணற்றடியில் துலா மறைந்து நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு எழுந்தது. படித்துவிட்டு வேலை கிடைக்காத பிள்ளைகள் முத்தையன்கட்டு, கிளிநொச்சிப் பக்கம் போய் மிளகாய்ச் செய்கையில் இறங்கினார்கள்.

ஆகவே அரசாங்கத் தரப்பு வேட்பாளரிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லாதிருக்கவில்லை. "உங்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை தந்தது எது?" என்று தோட்டக்காரரைக் கேட்கக்கூடிய நிலை அவருக்கு இருந்தது. வேறெந்தத் தேர்தலிலும் அது வலிமையான கேள்விதான்.

ஆனால் அதே காலத்தில் அந்தத் தோட்டக்காரரின் வீட்டுக்குள் வேறு விடயங்களும் நுழைந்துவிட்டன. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்தது. மிளகாய் விற்ற காசில் படிப்பித்த பிள்ளை, கூடிய புள்ளி பெற்றும் அனுமதி கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பினான். இளைஞர்கள் கைது செய்யப்பட்டு விசாரணையின்றி அடைக்கப்பட்டார்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள் நிகழ்விலே பொலிசார் தலையிட்டதை அடுத்து உயிர்கள் பறிபோயின. இவையெல்லாம் ஆசனம் வெறுமையாக இருந்த காலத்திலே நடந்தவை.

இரு வேட்பாளர்கள்

1975 தை மாதம். மாரி ஓய்ந்து தோட்டங்களுக்கு இறைப்புத் தொடங்கும் நேரம். செல்வநாயகத்துக்கு அப்போது 76 வயது. நோயினால் தளர்ந்து, குரல் மங்கி, அருகில் இருப்பவருக்கே பேச்சு விளங்காத நிலை. மேடைகளில் அவருக்காகப் பேசியவர்கள் பிறரே. அவர் கிறிஸ்தவர், தொகுதியோ மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் உள்ள சைவப் பெரும்பான்மைத் தொகுதி. அவருடைய சமயத்தை எதிராளிகள் சுட்டிக்காட்டாமல் விட்டதில்லை. ஆயினும் வாக்காளர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். 1943இல் களனித் தொகுதிக்கு அரசாங்க சபை இடைத்தேர்தல் நடந்தபோது, நாட்டு விடுதலைக்காக உழைத்த முதுபெரும் தலைவர் ஈ. டபிள்யூ. பெரேரா ஓர் இளைஞரிடம் தோற்றார். பெரேரா கிறிஸ்தவர் என்பது அந்தத் தேர்தலில் அவருக்கு எதிராக நன்றாகவே பயன்பட்டது. வென்ற இளைஞர் ஜே. ஆர். ஜயவர்தன. அவரை இக்கதையில் மீண்டும் சந்திப்போம்.

காங்கேசன்துறையில் செல்வநாயகத்தை எதிர்த்தவர் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலம். ஐக்கிய முன்னணியின் ஆதரவு பெற்றவர். அவரை அரசாங்கத்தின் கைப்பொம்மை என்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமன்று. இந்தத் தொகுதியிலே இடதுசாரிகளுக்கு வேர் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு நின்றார்கள். கதவடைப்புக்குத் துணை நின்ற சி. சுந்தரலிங்கம் 1970 பொதுத் தேர்தலில் செல்வநாயகத்துக்கு எதிராகவே போட்டியிட்டார். அந்தப் போராட்டத்திலே தமிழரசுக் கட்சி தெளிவாகத் தம் பக்கம் நிற்கவில்லை என்ற மனக்குறை அம்மக்களிடம் இருந்தது. இடதுசாரிகளின் பல பிரிவுகள் அவர்களுடன் நின்றன.

வாக்கெண்ணிக்கை முடிந்தபோது செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள். பொன்னம்பலத்துக்கு 9,457. பெரும்பான்மை 16,470. செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்கை அண்மித்த வெற்றி. பல முனைப் போட்டியாக இருந்த 1970 தேர்தலில் பிரிந்து கிடந்த வாக்குகள் இம்முறை ஒன்றுசேர்ந்துவிட்டன. மிளகாய் விலை எடுபடவில்லை. குரல் எழாத முதியவரைக் குரலாகத் தெரிந்தார்கள்.

அந்த 9,457ஐயும் நாம் மறக்கலாகாது என்பது எமது கருத்து. நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் மாறி வாக்களித்தார்கள். அவர்களில் அரசியலமைப்பை மனமார ஏற்றவர்கள் எத்தனை பேர், கோயில் வாசலை நினைத்து வாக்களித்தவர்கள் எத்தனை பேர், தோட்ட வருமானத்தை நினைத்தவர்கள் எத்தனை பேர் என்று வாக்குச்சீட்டு சொல்லாது. பிற்காலத்தில் தமிழ்த் தேசியம் பேசியவர்கள் இந்த எண்ணிக்கையை அநேகமாகச் சொல்லாமலே விட்டார்கள். பொன்னம்பலமும் சில ஆண்டுகளில் தமது கட்சியை விட்டு விலகித் தமிழரின் சுயநிர்ணய உரிமையை வலியுறுத்தலானார்.

தாமதம் எதைச் செய்தது?

1972இல் மக்களிடம் வைக்கப்படவிருந்த கேள்வி, "இந்த அரசியலமைப்பை ஏற்கிறீர்களா?" என்பது. 1975இல் வெற்றி அறிவிக்கப்பட்டபோது செல்வநாயகம் அந்த விடையோடு நிற்கவில்லை. தமிழர் தமது இறைமையை மீட்டுத் தனியான நாடாக வாழ்வதற்கான ஆணையாக இத்தீர்ப்பைத் தாம் கொள்வதாக அறிவித்தார். வாழ்நாள் முழுவதும் சமஷ்டி கேட்டவர் அவர். அடுத்த ஆண்டு 1976 மே 14ஆம் திகதி வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் காலமானார். அதே ஆண்டு ஜூலைப் பொதுத் தேர்தலில் காங்கேசன்துறையில் வென்றவர் அ. அமிர்தலிங்கம்.

1972 முடிவதற்குள் தேர்தலை வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? செல்வநாயகம் அப்போதும் வென்றிருப்பார் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் கொண்டுவரும் விடை அரசியலமைப்பைத் திருத்தும்படி கேட்கும் விடையாக இருந்திருக்கும்; அதற்கு மேசையிலே இடமிருந்தது. தேர்தலை ஒத்திவைத்தவர்கள் விடையை ஒத்திவைத்ததாகவே எண்ணினார்கள். அந்த இருபத்தெட்டு மாதங்களில் கேள்வியே மாறிப்போயிற்று. வாக்குப் பெட்டியை நம்பாத இளைஞர் தொகையும் பெருகியது. 1975 ஜூலையில் யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டபோது, இடைத்தேர்தல் முடிந்து ஆறு மாதங்கூட ஆகவில்லை.

அதே 1975 ஜூலையில் தெற்கிலும் ஓர் இடைத்தேர்தல். 1970இல் தெரிவான சபையின் ஆயுளை அரசாங்கம் 1977 வரை நீட்டியதை எதிர்த்து ஜே. ஆர். ஜயவர்தன தமது கொழும்பு தெற்கு ஆசனத்தைத் துறந்தார். செல்வநாயகம் செய்ததையே அவரும் செய்தார். ஆனால் அவருக்குத் தேர்தல் சில மாதங்களுக்குள் கிடைத்தது, பெருவெற்றியும் கிடைத்தது.

ஆட்சிக்கு வந்தபின் அவர் இடைத்தேர்தலை எப்படி நடத்தினார் என்பது தனிக்கதை. 1978 அரசியலமைப்பு, அப்போதைய பாராளுமன்றத்தில் வெற்றிடம் ஏற்பட்டால் கட்சியே ஆளை நியமிக்கலாம் என்றது. 1982 டிசம்பரில் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. அதன்பின் தமது கட்சி பின்தங்கிய தொகுதிகளின் உறுப்பினர்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த திகதியிடாத விலகற் கடிதங்கள் வெளியே வந்தன. 1983 பெப்ரவரியில் ஐந்தாவது திருத்தம்; மே 18ஆம் திகதி ஒரே நாளில் 18 இடைத்தேர்தல்கள். அவற்றில் 14 ஐக்கிய தேசியக் கட்சிக்கு. ஒருகாலத்தில் எதிர்ப்பின் கருவியாக இருந்த விலகற் கடிதம் இப்போது தலைவரின் மேசை இலாச்சிக்குள் இருந்தது.

அதே ஆண்டு ஜூலைக் கலவரத்தின் பின் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் தமது ஆசனங்களை இழந்தார்கள். வடக்கின் தொகுதிகள் எல்லாமே வெறுமையாகின. காங்கேசன்துறைக்கு இது இரண்டாவது முறை. இம்முறை வெறுமை 1989 பொதுத் தேர்தல் வரை நீடித்தது.

பட்டியலில் அடுத்தவர்

1989 முதல் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையில் தேர்தல் நடக்கிறது. தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்பது போய், மாவட்டத்துக்குப் பலர் என்றாயிற்று. பாராளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். மாவட்ட உறுப்பினர் இறந்தால் அல்லது விலகினால், அதே கட்சியின் பட்டியலில் அடுத்ததாகக் கூடிய விருப்பு வாக்குப் பெற்றவர் உள்ளே போவார். மக்களிடம் மீண்டும் வருவதில்லை. தேசியப் பட்டியல் ஆசனமென்றால் கட்சிச் செயலாளர் பெயர் கொடுப்பார்.

இம்முறையில் நன்மையும் உண்டு. ஒரே தொகுதியில் அரச வளங்களையெல்லாம் குவித்து, அமைச்சர்கள் முகாமிட்டு நடத்தும் ஆரவாரம் இல்லை, செலவில்லை, அடிதடி இல்லை. உறுப்பினர் ஒருவர் கொல்லப்பட்ட இடத்தில் உடனே இன்னொரு தேர்தலைத் திணிக்க வேண்டியதுமில்லை. 2006 நவம்பரில் நடராஜா ரவிராஜ் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டபோது யாழ்ப்பாணத்தின் அன்றைய நிலையில் இடைத்தேர்தல் ஒன்றை நடத்தியிருக்க முடியாது. பட்டியலின்படி என். ஸ்ரீகாந்தா பாராளுமன்றம் சென்றார்.

ஆனால் வெறுமையை நீட்டும் அதிகாரம் மறைந்துவிட்டதா? 2020 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் ஆசனம். அதை 2021 ஜூன் வரை பத்து மாதங்கள் எவருக்கும் கொடுக்காமல் கட்சி வைத்திருந்தது. பின்னர் ரணில் விக்கிரமசிங்க அதில் அமர்ந்து, 2022 ஜூலையில் அந்த ஆசனத்திலிருந்தே பாராளுமன்ற வாக்கெடுப்பில் ஜனாதிபதியாகத் தெரிவானார். அவ்வாசனத்தைப் பற்றி எந்தத் தொகுதி மக்களும் கேள்வி கேட்டிருக்க முடியாது. அது எவருடைய தொகுதியுமல்ல. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிவுற்றது. 2025 பிறந்த பின்னரும் அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. அங்கே வெறுமையானது ஓர் ஆசனமல்ல, முழுச்சபையுமே.

காங்கேசன்துறையின் பிற்காலக் கதை எமது வாசகர் பலருக்குச் சொந்த அனுபவமாகவே தெரியும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் கையில் எடுத்ததோடு வெளியேறினார்கள். சீமெந்துத் தொழிற்சாலை நின்றுபோயிற்று. செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பற்றையாகின. 1975இல் வரிசையில் நின்று வாக்களித்த பாடசாலைகளில் பலவற்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் எவரும் எட்டிப் பார்க்க முடியவில்லை. போர் முடிந்தபின் காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டன, எல்லாம் விடப்படவில்லை. மக்கள் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் போனதால் வாக்காளர் தொகை குறைந்தது. 1977இல் பதினொரு தொகுதிகளைக் கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் சேர்ந்தே, 2024இல் ஆறு ஆசனங்கள்.

தேர்தல் இரவுகளில் வானொலியைத் திறந்தால் காங்கேசன்துறைத் தொகுதி முடிவு என்று இப்போதும் ஒரு முடிவு வாசிக்கிறார்கள். கட்சிகளின் பெயர்களும் வாக்குகளும் வரும். தெரிவானவர் பெயர் வராது.